எப்போதாவது உறங்கும் வீடு

1

சென்ற ஆவணியோடு நான் ரங்கூனில் வந்து இறங்கிப் பதினெட்டு வருஷம் முடிந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளுக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறேன். தகரப் பெட்டியிலிருந்து பழைய நாட்குறிப்புகளை வெளியே எடுப்பேன். ஆவணி இங்கே அடைமழைக் காலம். வெயில் காட்ட முடியாது. ஆகையால் ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, இடையில் போட்டிருக்கும் வேப்பிலையை மாற்றி, வருஷ வரிசையில் திரும்ப அடுக்குவேன். வேறு கொண்டாட்டம் கிடையாது.

இந்த வருஷம் நாட்குறிப்புகளோடு வீட்டுக் கடிதங்களின் கட்டையும் பிரித்தேன். ஏன் பிரித்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கல்லல், காரைக்குடி, நாட்டரசன்கோட்டைப் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கக்கூடும். அந்த வீடுகளுக்கும் தாசில்தார் கச்சேரியிலிருந்து ஓர் ஆட்சேபணை நோட்டீசு வரலாம்.

நான் மரக்கிடங்கில் அளவு எழுதுகிறவன். ஆற்றில் மிதந்து வரும் தேக்கு மரங்களைக் கரையேற்றி, நீளமும் நடுச் சுற்றளவும் நாடா பிடித்துச் சொல்வார்கள். நான் எழுதிக்கொள்வேன். எழுதி முடித்த மரத்தின் தலையில் சுத்தியலால் முத்திரை விழும். அவற்றில் ஒரு பங்கு நம் பக்கத்துக்கே போகிறது. காரைக்குடியில் எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் நான் அளந்த தூண் ஒன்று அங்கே நிற்கக்கூடும்.

என் மகன் முத்தையா என்னோடு இருக்கிறான். வயது இருபத்திரண்டு. மோட்டார் பட்டறையில் வேலை. நான் காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறரைக்குக் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். மாலையில் நான் சாப்பிட்டுப் படுத்த பிறகு வருவான். ஒரே அறையில் குடியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தவிர அவன் விழித்திருப்பதை நான் பார்ப்பது அரிது.

2

ஊரில் என் பெயர் வோட்டர் ஜாபிதா என்கிற வாக்காளர் பட்டியலில் ஏறியது நான் இங்கே வந்த பிறகுதான். ஜமீன் நிலத்தில் எனக்கு உள்ள நஞ்சைக்குத் தீர்வை என் பெயரில் போகிறது. அந்தத் தகுதியில் எழுதினார்கள். நான் நாலாவது வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் ஊர்த் தலைவரான அம்பலம் ராமையா மாமா அச்சடித்த ஜாபிதாவைக் கொண்டுவந்து காட்டினார். வரிசை எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வீடு, தகுதி என்று பத்தி பிரித்திருந்தது. என் வரியை அப்படியே நாட்குறிப்பில் எடுத்து எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தேர்தல் வந்தது, போனது. ஒருமுறையும் நான் வோட்டுப் போட்டதில்லை. ஒவ்வொரு முறையும் இங்கே மரம் அளந்துகொண்டிருந்தேன்.

"போடாத வோட்டுக்குப் பேரு எதுக்குப்பா?" என்று முத்தையா ஒருமுறை கேட்டான். அவனுக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். நான் கல்லலுக்குத் தெற்கே இரண்டு மைலில் உள்ள இன்ன ஊர்க்காரன், இன்ன வீட்டுக்காரன் என்று சர்க்கார் அச்சடித்த காகிதம் அது ஒன்றுதான். மற்றபடி நான் சொன்னால்தான் உண்டு.

இப்போது புதிய சட்டம் வந்திருக்கிறது. முன்னைவிட அதிகம் பேருக்கு வோட்டு உண்டு. தகுதியுள்ளவரின் மனைவி என்ற முறையில் பெண்களுக்கும் கிடைக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தால் அதுவே ஒரு தகுதி. அந்தச் சட்டத்தோடு சேர்ந்தே பர்மா இந்தியாவிலிருந்து பிரிகிறது. அடுத்த வருஷம் முதல் நான் இருப்பது வேறு தேசம். நான் அறையைக்கூட மாற்றவில்லை.

சித்திரை கடைசியில் அம்பலத்தின் கடிதம் வந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. யாரோ எழுதிக் கொடுத்தது. கப்பலேறிப் போனவர்கள் பெயரையெல்லாம் நீக்கவேண்டும் என்று மாற்றுக் கட்சிக்காரர் மனுக் கொடுத்திருக்கிறார், அதில் உன் பெயரும் இருக்கிறது, தாசில்தார் விசாரிக்கப் போகிறார், நீ ஊர்க்காரன்தான் என்று விவரமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தது. பிரிகிற நேரத்தில் இந்தப் பெயரும் போனால் கடலுக்கு அந்தப் பக்கத்தில் என்னைக் குறித்து ஒரு வரியும் இருக்காது. எனக்குக் கவலை பிடித்தது அப்போதுதான்.

கவலையோடு ஒரு தைரியமும் இருந்தது. அதுதான் நான் செய்த தப்பு. எங்கள் ஊரில் இன்னொரு ஜாபிதா உண்டு. கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிற தலைக்கட்டு நோட்டு. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. அவன் ஊரில் இருந்தாலும் ஒன்றுதான், பினாங்கில் இருந்தாலும் ஒன்றுதான். திருவிழா முடிந்து தேங்காய் மூடியும் திருநீறும் பங்கு வைக்கும்போது அவன் பெயரைக் கூப்பிடுவார்கள்; வீட்டிலிருந்து யாராவது போய் வாங்கிக்கொள்வார்கள். பதினெட்டு வருஷமாக என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கார் ஜாபிதாவும் அந்த மாதிரிதான் என்று நினைத்துவிட்டேன்.

விதி என்ன சொல்கிறது என்று பார்க்க எங்கள் தெருவில் உள்ள வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் போனேன். அவர் கெஜட்டைப் புரட்டிக் காட்டினார். வோட்டர் தொகுதிக்குள் குடியிருக்க வேண்டும். குடியிருப்பது என்றால் என்ன என்பதற்குத் தனியாக ஒரு விளக்கம் இருந்தது. ஒரு வீட்டை ஒருவர் எப்போதாவது உறங்கும் இடமாகக் கொண்டால் அங்கே குடியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அவர் அங்கே இல்லை என்பதாலோ, வேறிடத்தில் அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்பதாலோ மட்டும் குடியிருப்புப் போய்விடாது. நினைத்தபோது அந்த வீட்டுக்குத் திரும்பும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். திரும்பும் எண்ணத்தை அவர் கைவிடாதிருக்க வேண்டும்.

இதைத் தமிழில் எழுதி மூன்று தரம் வாசித்தேன். சட்டம் எழுதியவர் யாரோ என்னை அறிந்து எழுதியது போல இருந்தது.

3

வைகாசியில் இந்தப் பக்கத்து ஜாபிதாவுக்கும் ஆள் வந்தார். பர்மியர்; முப்பது வயது இருக்கும். குடையை வாசலில் சாய்த்துவிட்டுக் காகிதக் கட்டோடு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் முத்தையாவும் இருந்தான். அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட வேகத்தில் எனக்கு நாலில் ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. நடுவில் சிரித்தார்கள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. பதிலும் தெரியும். பர்மியத்திலேயே சொன்னேன். சொன்னதும் முத்தையா தலையைக் குனிந்துகொண்டான். வந்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என்னடா?"

"பதினெட்டு அடின்னு சொல்லிட்டீகப்பா."

நான் பர்மியத்தில் எண் சொல்வது மரத்துக்கு மட்டும்தான். எண்ணுக்குப் பின்னால் அடி தானாக வந்துவிட்டது. வந்தவர் நல்ல மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னார். "பதினெட்டு அடிக்கு ஆளு குட்டையா இருக்காரேங்கிறாரு," என்று முத்தையா மொழிபெயர்த்தான். நானும் சிரித்தேன்.

விதிப்படி எனக்கும் தகுதி இருந்தது. அவர் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் வேண்டாம் என்று கையசைத்தேன்.

"ஏம்ப்பா? பேரைக் குடுக்குறதுல என்ன போகுது?"

"இங்கே எழுதினால் அங்கே திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டது ஆகும்."

"அங்குட்டுத்தான் போறதில்லையே நாம."

"நான் போகமாட்டேன் என்று யாரிடம் சொன்னேன்?"

"யாருகிட்டயும் சொல்லல. போகவும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் குடுக்கிறேன்ப்பா. கோவிச்சுக்கிறாதீக," என்றான்.

அறை வாடகை ரசீது அவன் பெயரில் இருக்கிறது. அவன் சொல்லச் சொல்ல அந்த மனிதர் எழுதினார். தகப்பனார் பெயர் கேட்டபோது முத்தையா என்னைப் பார்க்காமலே சொன்னான். அவன் இங்கே வரும்போது வயது பதினாலு. ஊரில் நடந்த எதையாவது நான் சொல்ல ஆரம்பித்தால், "அது எந்தப் பக்கம்ப்பா, ஊருணிக்கு அங்குட்டா?" என்று மரியாதைக்குக் கேட்பான்.

4

அம்பலம் கேட்ட கடிதத்தை எழுத நாலு மாலை ஆயிற்று. நாட்குறிப்பு இருக்கிறபோது உத்தேசமாக எழுதுவானேன் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் இங்கே வந்த பிறகு ஊருக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன். நாலாம் வருஷம் அறுபத்திரண்டு இரவு. பத்தாம் வருஷம் எண்பத்தொரு இரவு; முத்தையாவை அழைத்துக்கொண்டு வந்தது அப்போதுதான். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. இதில் நாலு இரவு சிங்கம்புணரியில் ஒரு கல்யாண வீட்டில் தங்கியிருக்கிறேன். ஆகவே என் வீட்டில் உறங்கியது நூற்று முப்பத்தொன்பது. இவ்வளவையும் கட்டம் போட்டு எழுதி, விதியில் 'எப்போதாவது' என்றே இருப்பதால் இது போதுமானது என்று அடியில் குறித்து, திரும்பும் எண்ணத்தை நான் ஒருநாளும் கைவிடவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

எட்டு வருஷமாக ஏன் போகவில்லை என்றும் ஒரு பக்கம் எழுதினேன். வியாபாரம் மந்தமாகி ஆட்களைக் குறைத்த காலத்தில் லீவு கேட்டவர்கள் திரும்பி வந்தபோது வேலை இல்லை. இங்கே கலவரம் நடந்த வருஷம் ஒன்று போயிற்று. மகள் செல்லம்மையின் கல்யாணத்துக்குப் போகக் கப்பல் சீட்டுக்குச் சொல்லி வைத்து, கிடங்கில் வெள்ளம் வந்து நின்றுவிட்டேன். கல்லலில் இப்போது ரயில் நிற்கிறதாம். நான் அந்த ரயிலைப் பார்த்ததில்லை. எழுதிய பக்கத்தை மறுநாள் வாசித்தேன். காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் அடுக்கிப் பார்க்கையில் வேறொருவனுடைய சாக்குகள் போல இருந்தன. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் அனுப்பினேன். அம்பலத்துக்குப் படிக்கத் தெரியாததால் என் மனைவி பொன்னழகு பெயருக்கு அனுப்பி, அவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தேன்.

5

அடைக்கலம் எங்கள் கிடங்குக்குப் பக்கத்துக் கிடங்கில் வேலை செய்கிறவன். எங்கள் ஊர்க்காரன், என்னை அண்ணன் என்பான். மூன்று மாத லீவில் போய்விட்டு ஆவணியில் திரும்பினான். நான் பெட்டியைத் திறக்கும் நாளுக்கு முந்தின மாலை, கொண்டுவந்த அதிரசப் பொட்டலத்தோடு அறைக்கு வந்தான். ஆட்சேபணை அவன் பெயருக்கும் இருந்ததால் விசாரணைக்குக் கச்சேரிக்குப் போயிருந்தான்.

"நம்மூருக்காரவுக மட்டும் முப்பது பேரு அண்ணே. எல்லாம் பொம்பளைகளும் கிழடுகளும். கப்பலுக்குப் போனவுகளுக்கு வீட்டுல இருக்கவுகதானே வரணும். என்னைய முதல்ல கூப்புட்டாரு தாசில்தாரு. 'நேத்து எங்கய்யா படுத்தே?'ன்னாரு. 'மாமியா வீட்டுல எசமான்'னேன். கச்சேரியே சிரிச்சிருச்சு. 'அந்த வீடும் தொகுதிக்குள்ளதானே, போ'ன்னு விட்டுட்டாரு."

"என் பெயரைக் கூப்பிட்டபோது?"

அவன் அதிரசப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். அவிழ்த்து முடித்துத்தான் பேசினான்.

"அம்பலம் எந்திரிச்சாரு. கோயில் நோட்டை மஞ்சத் துணியில சுத்திக் கொண்டாந்திருந்தாரு. 'கருப்பையா எங்கே?'ன்னு கேட்டாரு தாசில்தாரு. 'ரங்கூன்ல இருக்கான் எசமான். ஆனா ஊர்லதான் இருக்கான்'னாரு அம்பலம். 'ரெண்டு இடத்துல எப்படிய்யா இருப்பான்?' 'தலைக்கட்டுல இருக்கான். இந்தா நோட்டு. நாங்க செத்தவன் பேரைத்தான் அடிப்போம் எசமான், போனவன் பேரை அடிக்கிறதில்ல.'"

"சரியாகத்தானே சொன்னார்."

"சரிதான். 'அது உங்க சாமிக்குப் போதும், சர்க்காருக்குப் போதாது. கடைசியா எப்ப வந்தான்?'ன்னாரு. அம்பலம் கூசாம, 'வருசா வருசம் வந்து போறவன்தான்'னு அடிச்சு விட்டாரு. மனுக் குடுத்த ஆளு சும்மா இருப்பானா? 'வருசா வருசம் வாரவனா? கல்லல் டேசன் எந்தப் பக்கம் இருக்குன்னு அவனுக்கு ஒரு காயிதம் போட்டுக் கேளுங்க எசமான்'னான். மறுபடி சிரிப்பு. அந்நேரத்துல அண்ணி உங்க காயிதத்தை எடுத்தாக. அம்பலம் கண்ணைக் காட்டுறாரு, குடுக்காதே குடுக்காதேன்னு. குடுத்துட்டாக."

"குடுக்கத்தானே அனுப்பினேன்."

"என்னத்த அண்ணே எழுதினீக அதுல? தாசில்தாரு படிச்சுக்கிட்டே வந்தவரு, 'அடேயப்பா, கல்யாண வீட்டுல படுத்த நாலு நாளைக் கழிச்சிருக்காரேய்யா!'ன்னாரு. பெறகு அம்பலத்தைப் பாத்து, 'இந்த மனுசன் பொய் சொல்ல மாட்டான். நீ சொல்றே'ன்னாரு. அம்பலம் உக்காந்துட்டாரு."

பிறகு தாசில்தார் கேலியை விட்டுவிட்டாராம். எட்டு வருஷம் வராவிட்டாலும் திரும்பும் எண்ணம் இருந்தால் விதியில் இடம் உண்டு என்று சொல்லி, பொன்னழகை முன்னால் கூப்பிட்டிருக்கிறார்.

"'ஏம்மா, உன் புருசனுக்குத் திரும்பி வர்ற எண்ணம் இருக்கா?'ன்னு கேட்டாரு. ஆமான்னு ஒத்தை வார்த்தை சொன்னா முடிஞ்சது அண்ணே. அம்பலம் வாயைத் திறந்து 'ஆமா'ன்னு சத்தமில்லாமச் சொல்லிக் காட்டுறாரு."

"என்ன சொன்னாள்?"

"'அதை அவுகளைத்தான் கேக்கணும். நான் கேக்குறதை நிப்பாட்டி வருசம் அஞ்சாச்சு'ன்னாக."

மழை விட்டிருந்தது. கீழே தெருவில் ரிக்ஷாக்காரர் ஒருவர் மணி அடித்துக்கொண்டு போனார். அடைக்கலம் ஓர் அதிரசத்தை எடுத்து என் கையில் வைத்தான்.

"கோவமாச் சொல்லல அண்ணே. கேட்டதுக்குப் பதில் சொல்றாப்புலதான் சொன்னாக."

தாசில்தார் என் பெயரின் மேல் கோடு போட்டார். போட்டுவிட்டு, "உன் பேரும் போகுதும்மா. அவர் தகுதியிலதான் உன்னை எழுதியிருக்கு," என்றாராம். அம்பலம் மறுபடி எழுந்து ஏதோ சொல்லப் போக, பொன்னழகு முந்திக்கொண்டாள்.

"'எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்'னாக. ஆளுக்காளு திரும்பிப் பாத்தாக அண்ணே. காயிதமும் பேனாவும் குடுத்து, 'உன் பேரை எழுது'ன்னாரு. எழுதினாக. 'புருசன் பேரு சொல்லு'ன்னாரு. சொல்லுவாகளா? அம்பலம் சொல்லப் போனாரு. அண்ணி அந்தக் காயிதத்தை இழுத்து, அதையும் எழுதி நீட்டிட்டாக. அவரு சத்தமாப் படிச்சாரு. உங்க பேரு, மரக்கிடங்கு ஆபீசு, தெருப் பேரு, ரங்கூன்னு முழு விலாசமும் இருந்துச்சு. கை வாக்குல எழுதிட்டாக. கச்சேரி மறுபடி சிரிச்சது. 'விலாசம் வேண்டாம்மா, பேரு போதும்'னு மத்ததை அடிச்சுட்டாரு. அண்ணி சிரிக்கல."

6

மறுநாள்தான் நாட்குறிப்புகளைத் துடைக்கும் நாள். கடிதக் கட்டைப் பிரித்தது அதனால்.

முதல் பதினொரு வருஷத்துக் கடிதங்கள் வேறு வேறு கையெழுத்தில் இருக்கும். வாத்தியார் எழுதியது, தபால்காரர் எழுதியது. 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்று தொடங்கி, தீர்வை, மழை, மாடு என்று போய், கடைசியில் 'எப்போது வருகிறீர்கள்' என்று முடியும். இரண்டாம் லீவு முடிந்து நான் திரும்பி ஒரு வருஷம் ஆனபோது பெரிய பெரிய எழுத்தில், வரி மேலும் கீழும் ஏறி இறங்க ஒரு கடிதம் வந்தது. பொன்னழகே எழுதியது. செல்லம்மையின் பள்ளிக்கூடப் பலகையில் பழகிக்கொண்டாளாம். 'இனிமே நடுவுல ஆளு இல்லாம எளுதலாம்' என்று இருந்தது.

அந்தக் கடிதம் இப்போது என்னிடம் இல்லை. பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி அவளுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். பதினாறு பிழை. அனுப்பியதை நாட்குறிப்பில் குறித்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் நாலு பிழைதான் இருந்தது. அதற்கடுத்ததில் ஒன்றும் இல்லை. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. கடிதங்கள் குட்டையாகிக்கொண்டு வந்ததை இந்த ஆவணியில் அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் கண்டேன்.

அவள் கையெழுத்துக் கடிதங்களில் கடைசி வரி 'எப்ப வாரீக'. அதை மட்டும் நான் எவ்வளவு திருத்தியும் பேசுகிற மாதிரியேதான் எழுதினாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன், ஒரு மாசிக் கடிதத்தில் அந்த வரி இருக்கிறது. அடுத்த பங்குனிக் கடிதத்தில் இல்லை. அதற்குப் பிறகு எதிலும் இல்லை.

அந்த இரண்டு கடிதமும் வந்த நாட்களில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று நாட்குறிப்பில் தேடினேன். மாசியில்: 'வீட்டுக் கடிதம் வந்தது. விசேஷம் ஒன்றுமில்லை.' பங்குனியில்: 'வீட்டுக் கடிதம் வந்தது. விசேஷம் ஒன்றுமில்லை.'

ஓர் அங்குலம் குறைந்தாலும் மரத்தைத் திரும்ப அளக்கச் சொல்கிறவன் நான்.

7

புரட்டாசியில் இரண்டு ஜாபிதாக்களும் முடிவாகிவிட்டன. இந்தப் பக்கத்து ஜாபிதாவை வட்டார ஆபீஸ் வாசலில் ஒட்டியிருந்தார்கள். கிடங்குக்குப் போகும் வழியில் நின்று பார்த்தேன். முத்தையா. தகப்பனார் பெயர், கருப்பையா. ஊர் ஜாபிதாவிலிருந்து தன் வரியைப் பொன்னழகு கடிதத்தில் எடுத்து எழுதியிருந்தாள். பொன்னழகு. கணவர் பெயர், கருப்பையா. தகுதி, எழுத்தறிவு. அவ்வளவுதான், அதைப் பற்றிச் சந்தோஷம் என்றோ வருத்தம் என்றோ அவள் எழுதவில்லை. பிழையும் இல்லை.

இரண்டு வரியையும் நாட்குறிப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். இரண்டு தேசத்திலும் என் பெயர் இருக்கிறது. மூன்றாம் பத்தியில் இருக்கிறது.

அம்பலம் அடைக்கலத்திடம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். "சர்க்கார் அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும், தலைக்கட்டுல அவன் பேரை எவனும் தொடமாட்டான்னு சொல்லு." நல்ல மனிதர். கச்சேரியில் எனக்காகப் பொய் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆனால் அந்த நோட்டில் இருப்பதற்கு நான் உயிரோடு இருந்தால் போதும்.

கெஜட்டில் பார்த்த விளக்கத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். திரும்பும் எண்ணத்தைக் கைவிடாதிருக்க வேண்டும் என்ற பாதியைத்தான் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு பாதி இருக்கிறது. நினைத்தபோது அந்த வீட்டுக்குத் திரும்பும் உரிமை இருக்க வேண்டும். வீடு என் பெயரில் இருக்கிறது, யார் தடுக்கப் போகிறார்கள் என்று அதை நான் யோசித்ததே இல்லை. எட்டு வருஷமாக அந்த வீட்டில் விளக்கேற்றி, ஓடு மாற்றி, மகளைக் கட்டிக் கொடுத்துக் குடியிருப்பவள் ஒருத்தி இருக்கிறாள். அந்த உரிமையைக் கொடுக்க வேண்டியவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவளுக்கு எழுதினேன். வருகிறேன் என்று எழுதவில்லை. அதைப் பலமுறை எழுதியாயிற்று. முதலில் நாலு பக்கம் ஓடியது. கிழித்துவிட்டேன். முத்தையா சட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா, ஒத்தை வரிதானா?"

"ஆமாம்."

"அம்மாவுக்கா?" என்று கேட்டவன், குனிந்து அதை வாசித்தான். 'நான் வரலாமா' என்றுதான் இருந்தது. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டான். பிறகு, "குடுங்க, நான் பட்டறைக்குப் போற வழியிலதான் தபாலாபீசு. பெட்டியில போட்டுட்டுப் போறேன்," என்று கையை நீட்டினான். பட்டறைக்கு அன்று லீவு. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தபால் கப்பல் போய், கல்லலில் ரயில் நின்று, கடிதம் ஊர் சேர்ந்து, பதில் அதே வழியில் திரும்ப எப்படியும் பதினெட்டு நாள் ஆகும். இன்று பதினோராம் நாள். வருகிற உறையின் மேல் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த விலாசத்தைக் கச்சேரியே படித்துவிட்டது. உள்ளே இருப்பதை நான்தான் படிக்க வேண்டும்.